பத்து நிமிஷம் போதும்

இது நடந்தது. திருவண்ணாமலை அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு டீசல் பட்டறையில், போன புரட்டாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் நடந்தது. மதியம் ஒன்று ஐம்பதுக்குத் தொடங்கி நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு முடிந்தது. நடுநிசி இல்லை, நாய் ஊளையிடவில்லை, பேய்க்கு வேண்டிய லட்சணம் ஒன்றுகூடக் கிடையாது. பட்டப்பகல். அதனால் கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். ஜியாவுல்லா தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டிய பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஜியாவுல்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. டிராக்டர், போர்வெல் வண்டி, ஜெனரேட்டர் என்று முப்பத்தைந்து வருடமாக டீசல் இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவர். பேய் பிசாசு என்றால் அவருக்கு இளக்காரம். கிரிவலப் பாதையில் வெள்ளையாக ஓர் உருவத்தைப் பார்த்தேன் என்று ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்து சொன்னபோது, "ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்த வெள்ளைக்காரனா இருப்பான், வணக்கம் சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்று அனுப்பிவைத்தவர்தான் அவர். அப்படிப்பட்ட ஆள் இப்போது பட்டறையில் தனியாக உட்காருவதில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் அவருடைய தம்பி ஜுபைரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜுபைர் அண்ணனைவிடப் பதினாலு வயது இளையவன். தொழில் கற்றது அண்ணனிடம்தான். ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் நின்று எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. ஒருவர் வண்டிக்கு அடியில், ஒருவர் மேலே. அதனால் அண்ணனும் தம்பியும் ஸ்பானரால் இரும்பைத் தட்டியே பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டு என்றால் கையை எடு. மூன்று தட்டு என்றால் திற. இன்ஜின் ஓடாமல் நிற்கும்போதுகூட அந்தப் பழக்கம் விடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒருநாளும் ஒரு விரல் நசுங்கியதில்லை.

ஜுபைருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த இன்ஜினில் கூலன்ட், அதாவது சூட்டைத் தணிக்கும் தண்ணீர், மாற்றினாலும் தண்ணீர் டேங்கின் மேல் மஞ்சள் பெயின்ட்டால் அன்றைய தேதியை எழுதிவைப்பான். ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் குறுக்காக ஒரு கோடு போடுவான். "அதுக்கு எதுக்குடா பெல்ட்டு?" என்று ஜியாவுல்லா கிண்டல் செய்வார்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு அவன் கடலூர்த் துறைமுகத்துக்குப் போய் ஒரு மீன்பிடிப் படகில் இன்ஜின் டிரைவராகச் சேர்ந்தான். நாலாவது மாதம், ஒரு மத்தியானம், கடலிலிருந்து போன் வந்தது. அப்போது ஜியாவுல்லா ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். முகத்தில் கியர் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாய்ஜான், இன்ஜின் ஹீட் ஏறிடுச்சு. நிறுத்திட்டேன். தண்ணி கம்மியாயிருக்கும்போல. மூடியை எப்ப தொறக்கலாம்?"

"பத்து நிமிஷம் போதும்டா. ஈரச் சாக்கு போட்டுத் தொற. இதுக்கெல்லாம் ஒரு போனா?"

அவ்வளவுதான் பேச்சு. அதுதான் கடைசிப் பேச்சு.

காற்றோட்டமாக வயலில் நிற்கிற டிராக்டருக்குப் பத்து நிமிடம் விட்டு, சாக்கைப் போட்டு, மூடியைப் பாதி திருகி ஆவியை விட்டுவிட்டுத் திறந்து பழகிய கை அவருடையது. படகு இன்ஜின் அப்படி இல்லை. தளத்துக்குக் கீழே, காற்றுப் புகாத ஒரு குழிக்குள் கிடக்கும். பழைய காலத்து வார்ப்பிரும்பு. ஒருமுறை கொதித்துவிட்டால் ஆறுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஜியாவுல்லாவுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் துறைமுகத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. மூடியைத் திறந்ததும் கொதிநீர் மொத்தமும் ஜுபைரின் முகத்திலும் மார்பிலும் அடித்திருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனான். கண் விழிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் போனைப் பற்றி ஜியாவுல்லா யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பீபி ஜானிடம் சொல்லவில்லை. முக்கியமாக, ஜுபைரின் மனைவி ரூக்ஸாரிடம் சொல்லவில்லை. அவள் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள், அவருக்குச் சோறு போடுகிறாள். இரண்டு வருடமாக அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை. அவளும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார். சொன்னால் அவள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள்? சொல்லாமல் இவர் எப்படி இருப்பது? இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அந்த இன்ஜின் வந்து இறங்கியது.

கீழ்பென்னாத்தூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் அப்பாசாமி அதை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். புரோக்கர் மூலம் கடலூரில் பிடித்த பழைய படகு இன்ஜின். அதோடு ஒரு டைனமோவைக் கோத்து மண்டபத்துக்கு ஜெனரேட்டராக்க வேண்டும்.

"ஐப்பசி மொத முகூர்த்தத்துக்கு ஓடணும் பாய். தாலி கட்டும்போது கரண்ட் போச்சுன்னா என் மானமே போயிடும்."

"படகு இன்ஜின் நான் பாக்கறதில்லீங்க."

"நீங்க பாக்கலன்னா இந்த ஊர்ல வேற யாரு பாப்பாங்க? போட்டுட்டுப் போறேன் பாய்."

ஏன் பார்ப்பதில்லை என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்று ஜியாவுல்லா பயந்தார். அதனால் அதை அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். இன்ஜின் மூன்று வாரம் சுவரோரம் மரக்கட்டைகளின் மேல் சும்மா கிடந்தது. பேட்டரி ஒயர்கூட மாட்டவில்லை. அப்பாசாமி தினமும் போன் செய்து நச்சரிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் கை வைத்தார். முதல் வேலை பழைய கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது.

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஊர் மத்தியானம் வரைக்கும் தூங்கும். விடிய விடிய கிரிவலம், கடைகள், பஸ்கள், பாதி வழியில் நின்றுபோன வேன்கள். ராத்திரி முழுக்க வண்டி பார்த்த வேலையாட்கள் இரண்டு பேருக்கும் ஜியாவுல்லா லீவு கொடுத்துவிட்டார். பராமரிப்பு வேலைக்காக அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. பீபி ஜான் வேலூரில் அம்மா வீட்டில் இருந்தாள். ரூக்ஸார் இரண்டு தெரு தள்ளி வீட்டில் இருந்தாள். பட்டறையில் அவர் மட்டும்.

மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். மணி ஒன்று ஐம்பது.

காற்றாடி இல்லை, லேத் இல்லை, வெல்டிங் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை.

வடிகால் குழாய்க்குக் கீழே பெரிய டிரம் ஒன்றை நகர்த்தி வைத்தார். மேலே இருந்த தண்ணீர் டேங்கில் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. மூடியைத் தேடிப் பழந்துணியால் துடைத்தார். கறுப்பு கரைந்தது. அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

இன்னும் அழுத்தித் துடைத்தார்.

17.7.

இரண்டு ஏழுகளுக்கும் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு.

ஜியாவுல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடலூரில் எத்தனையோ படகுகள், எத்தனையோ இன்ஜின்கள். அதில் எது எங்கே வந்து சேர்ந்திருக்கிறது! மூன்று வாரமாகத் தம்பியைக் கொன்ற இரும்பு அவர் கூரைக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. அந்த இரண்டு ஏழுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். அழுகை வந்தது. யாரும் இல்லையே என்று வாய்விட்டு அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எடுத்த வேலையை முடித்து இதை இங்கிருந்து அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணத்தோடு டேங்கின் மேல் கையை வைத்தார்.

சூடாக இருந்தது.

தகரக் கூரை, புரட்டாசி வெயில், சுடாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் கிடந்த டிராக்டர் இன்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் கிடந்தன.

மணி இரண்டு எட்டு.

மூடியின் மேல் வலது கையை வைத்தார். திருக ஆரம்பித்தார்.

தட்... தட்.

கையை எடுத்துவிட்டார். யோசித்து எடுக்கவில்லை. இருபது வருடப் பழக்கம், கை தானாகவே வந்துவிட்டது.

சத்தம் இன்ஜினுக்குள்ளிருந்துதான் வந்தது. ஷட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

"யாருப்பா?"

வேறொரு சத்தம் கேட்டது. டிங்... டிங்... நீண்ட தூரம் ஓடிவந்து நின்ற இன்ஜின் ஆறும்போது இரும்பு சுருங்கி எழுப்புகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவர் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார். மூன்று வாரமாக ஓடாத இன்ஜின் அந்தச் சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தது.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பதினெட்டு.

சரியாகப் பத்து நிமிடம்.

ஏன் மறுபடி கையை வைத்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியவில்லை.

தட்! தட்!

இந்தமுறை அவர் கை பின்வாங்கச் சற்றுத் தாமதமானது. உள்ளங்கை வெந்தது. மூடியின் விளிம்பில் ஸ்ஸ்ஸ்... என்று ஆவி சீறியது. கூலன்ட்டின் தித்திப்பு வாசனை. அதோடு... உப்பு. மீன். கடல்.

கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, மலை தெரிகிற வாசலில் கடல் வாசனை.

"ஜுபைர்..."

டிங்... டிங்...

"ஜுபைர், நீயாடா?"

டிங்...

"எவ்ளோ நேரம்டா இருக்கணும்?"

தட்டு மூன்றாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கவிழ்த்துப் போட்ட ஆயில் டின் ஒன்றை இன்ஜின் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அன்று தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டிய நேரம் முழுவதும் இன்று தானே உட்கார்ந்து காத்திருந்தார்.

இரண்டு நாற்பது. கையைக் கிட்டே கொண்டு போனார். தட்... தட்.

மூன்று ஐந்து. தட்... தட்.

மூன்று மணி முப்பது நிமிடம். தட்... தட். கொஞ்சம் மெதுவாக.

இன்ஜினுக்கு அந்தப் பக்கம் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சு விடுவது கேட்டது. வலியில் இருக்கிறவனின் மூச்சு. இழுத்து... நிறுத்தி... விட்டு...

அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுடா" என்றார்.

மூச்சு நின்றது.

டிங் சத்தமும் நின்றது.

நாலு மணி இரண்டு நிமிடம்.

தட்... தட்... தட்.

ஜியாவுல்லா எழுந்தார். மூடியில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. திருகினார். ஆவி வரவில்லை, சீறல் இல்லை. டேங்க் விளிம்பு வரைக்கும் தண்ணீர், அசையாமல் நின்றது. வடிகாலைத் திறந்தார். முதலில் துருவாக வந்தது. பிறகு தெளிந்தது. பிறகு வெறும் தண்ணீராக வந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. டிரம்மில் அளவுக்கோட்டைப் பார்த்தார், முப்பத்தெட்டு லிட்டர். அந்த இன்ஜின் பிடிப்பதே முப்பதுக்குள்தான்.

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். கையில் என்ன காயம் என்று ரூக்ஸார் கேட்டபோது, வெல்டிங் பட்டுவிட்டது என்றார். ஊரில் அன்று கரண்டே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அப்பாசாமியிடம் நம்பர் வாங்கிக் கடலூருக்குப் போன் செய்தார். பேசியவர் வளவன், அந்தப் படகில் வேலை செய்தவர், இன்ஜினைக் கழற்றி விற்றதும் அவர்தான். தான் யார் என்று ஜியாவுல்லா சொன்னார். அந்த இன்ஜினை ஜெனரேட்டராக்கத் தன்னிடம் கொடுத்திருப்பதையும் சொன்னார்.

"அதை ஓட்டவா வாங்கினாங்க? ஒடசல் இரும்புக்குன்னுதான் புரோக்கருக்குக் குடுத்தோம் பாய். அன்னிக்கே பிளாக் வெடிச்சிருச்சு. நாலு விரல் உள்ள போவும். இருந்த தண்ணியெல்லாம் அன்னிக்கே ஒழுகிப்போச்சு. ரெண்டு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி அதுல நின்னதில்ல."

ஜியாவுல்லா போனைக் காதில் வைத்தபடியே டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பின்னால், சுவர்ப் பக்கமாக நுழைந்து பார்த்தார். வெடிப்பு இருந்தது. நாலு விரல் உள்ளே போனது. உள்ளே துரு காய்ந்து பொடியாக இருந்தது. விரலில் ஈரம் படவில்லை. பக்கத்தில் டிரம் மட்டும் நிறைந்து நின்றது.

"அவன் எப்படிங்க தொறந்தான்?" என்று போனில் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கையில போனை வெச்சு மணி பாத்துக்கிட்டே நின்னாரு பாய். பத்து நிமிஷம் கரெக்டா. இன்னும் ஆறட்டும்னு நாங்க சொன்னோம். எங்கண்ணன் சொன்னா சரியா இருக்கும்னாரு. மூடி மேல ஸ்பானரால மூணு தடவ தட்டினாரு, தொறந்தாரு. எதுக்குத் தட்டினாருன்னுதான் எங்களுக்கு வெளங்கல."

அன்று மாலை வீட்டில் ரூக்ஸார் சாப்பாடு வைத்தாள். ஜியாவுல்லா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் போதும்னு அவன்கிட்ட சொன்னது நான்தாம்மா. கடல்லேர்ந்து எனக்குத்தான் போன் பண்ணான்."

அவள் அழுவாள், கத்துவாள், எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

"தெரியும் பாய்ஜான்."

"தெரியுமா?"

"உங்ககிட்ட பேசிட்டு எனக்கும் பண்ணாரு. பத்து நிமிஷம்னு பாய்ஜான் சொல்றாரு, எனக்கு என்னமோ அது பத்தாதுன்னு தோணுதுன்னாரு. நான்தான்..." முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "பெரியவங்க சொன்னா கேளுங்களேன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு வருஷமா உங்க முகத்தைப் பாக்க முடியல எனக்கு."

ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டுப் பாயின் இரண்டு ஓரங்களில், ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். ஜியாவுல்லா எழுந்து அவள் பக்கம் போனார். வெந்த கையை அவள் தலையில் வைத்தார். இருவரும் அழுது ஓய வெகு நேரமானது.

பிறகு ரூக்ஸார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நேத்து நடுவுல வீட்டுக்கு வந்தீங்களா பாய்ஜான்?"

"இல்லியே. ஏம்மா?"

"நாலு மணி இருக்கும். அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லல இன்னும். யாரோ கதவைத் தட்டினாங்க. போய்த் தொறந்தேன். தெருவுல ஒருத்தரும் இல்ல. தாழ்ப்பாள் மட்டும் ஈரமா, சில்லுனு இருந்துச்சு."

ஜியாவுல்லாவின் கை அவள் தலையிலேயே நின்றது.

"எத்தனை தட்டும்மா?"

"மூணு."